அணுவுக்குள் என்ன இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகள்தான் வருகிறார்கள், ஆனால் அணுப் பாடம் தொடங்கியதும் வருகிற சந்தேகங்கள் அதேதான். அழைத்துப்போக வரும் பெற்றோரும் சிலவற்றைக் கேட்பார்கள். எல்லாமே நியாயமான கேள்விகள். ‘பரீட்சைக்கு வராது’ என்று தள்ளிவிடக் கூடாதவை. அவரவர் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகும், அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. அணுவுக்குள்ள மொத்தம் என்னதான் சார் இருக்கு?

மூன்று வகைத் துகள்கள். நடுவில் அணுக்கரு. அதில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் நெருக்கமாக இருக்கின்றன. கருவைச் சூழ்ந்து எலக்ட்ரான்கள். புரோட்டானுக்கு நேர்மின்சுமை, எலக்ட்ரானுக்கு அதே அளவு எதிர்மின்சுமை, நியூட்ரானுக்கு மின்சுமை கிடையாது. புரோட்டானும் எலக்ட்ரானும் சம எண்ணிக்கையில் இருப்பதால் மொத்த அணுவுக்கு மின்சுமை இல்லை.

நிறையைப் பார்த்தால், ஒரு புரோட்டான் 1,836 எலக்ட்ரான்களுக்குச் சமம். நியூட்ரான் புரோட்டானைவிடச் சுமார் 0.14 சதவீதம் கனம். இந்தச் சின்ன வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், 10ஆம் கேள்வியில் வேலைக்கு வரும்.

2. எல்லாத்திலயும் ஒரே புரோட்டான், ஒரே எலக்ட்ரான்னா, இரும்பும் தங்கமும் எப்படி வேற வேறயா ஆச்சு?

எண்ணிக்கையால். இரும்பில் இருக்கும் புரோட்டானுக்கும் தங்கத்தில் இருக்கும் புரோட்டானுக்கும் எந்த வேறுபாடும் இல்லை. 26 புரோட்டான் இருந்தால் அது இரும்பு, 79 இருந்தால் தங்கம். ஒன்று குறைந்து 78 ஆனால் பிளாட்டினம், ஒன்று கூடி 80 ஆனால் பாதரசம். ஒரு தனிமத்துக்கு அடையாளம் புரோட்டான் எண்ணிக்கை மட்டும்தான்.

ஆனால் நிறம், உருகும் வெப்பம், எதோடு சேரும், சேராது என்பதெல்லாம் எலக்ட்ரான்களின் வேலை. மரக்காணம் உப்பளத்து உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சோடியத்துக்கு 11 எலக்ட்ரான், குளோரினுக்கு 17. சோடியம் தனியாக இருந்தால் தண்ணீர் பட்டதும் தீப்பிடிக்கும் உலோகம். குளோரின் தனியாக இருந்தால் நச்சு வாயு. சோடியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுக்கிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது. அவ்வளவுதான் நடந்தது, இரண்டும் சேர்ந்து சாப்பாட்டில் போடும் உப்பாகிவிடுகின்றன. இதில் எந்தக் கருவும் துளியும் மாறவில்லை. சமையல், துரு, தீ, செரிமானம் எல்லாமே இப்படி எலக்ட்ரான்கள் இடம் மாறுவதால் நடப்பவைதான்.

3. ஒரே மின்சுமை ஒன்னையொன்னு தள்ளும்னு சொன்னீங்க. அப்போ புரோட்டான் எல்லாம் ஏன் சிதறி ஓடலை?

இந்தக் கேள்வி தோன்றாமல் இந்தப் பாடத்தைக் கடந்துபோகவே கூடாது. தள்ளுவது உண்மை, அதுவும் சாதாரணத் தள்ளல் இல்லை. கருவுக்குள் இரண்டு புரோட்டான்களின் இடைவெளி சுமார் 2 ஃபெம்டோமீட்டர் (ஒரு ஃபெம்டோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). அந்த இடைவெளியில் தள்ளும் விசையைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 58 நியூட்டன் வருகிறது. கிட்டத்தட்ட 6 கிலோ எடையைத் தூக்கத் தேவையான விசை அது. அவ்வளவும் ஒரு புரோட்டான் மேல்.

அதையும் மீறிப் பிடித்துவைப்பது வலிமையான அணுக்கரு விசை. புரோட்டான், நியூட்ரான் என்ற பேதம் அதற்குக் கிட்டத்தட்ட இல்லை, இரண்டையும் இழுத்துப் பிடிக்கும். ஆனால் அதன் எல்லை மிகக் குறுகியது. சில ஃபெம்டோமீட்டர் தாண்டினால் அது இருப்பதே தெரியாது. மின்விசையோ தூரம் போகப் போகக் குறையுமே தவிர அறவே நிற்காது. அடுத்த கேள்விக்கான விடை இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

4. மின்சுமையே இல்லாத நியூட்ரானால என்ன பிரயோஜனம்?

தள்ளாமல் பிடிக்கும், அதுதான் பிரயோஜனம். பெரிய கருவில் ஒவ்வொரு புரோட்டானும் மற்ற எல்லாப் புரோட்டான்களையும் தள்ளுகிறது, ஆனால் வலிமையான விசையால் பக்கத்தில் இருப்பவற்றை மட்டுமே பிடிக்க முடிகிறது. கரு பெரிதாகப் பெரிதாகத் தள்ளல் ஓங்குகிறது. ஈடுகட்ட, பிடிப்பை மட்டும் சேர்க்கும் நியூட்ரான்கள் கூடுதலாகத் தேவை. ஹீலியத்தில் 2 புரோட்டானுக்கு 2 நியூட்ரான் போதும். இரும்பில் 26க்கு 30. காரீயத்தில் 82க்கு 126 வரை போகிறது. 82க்கு மேல் எத்தனை நியூட்ரானைச் சேர்த்தாலும் சரிவராது. அதற்கு மேற்பட்ட எல்லாத் தனிமங்களும் கதிரியக்கம் உள்ளவை, அதாவது அவற்றின் கரு தானாகவே சிதையும்.

ஒரே தனிமத்தில் நியூட்ரான் எண்ணிக்கை மாறியும் இருக்கலாம். அவைதான் ஐசோடோப்புகள். கார்பனுக்கு எப்போதும் 6 புரோட்டான். நியூட்ரான் 6, 7 அல்லது 8 இருக்கும். கார்பன்-12, 13, 14 என்று சொல்வது இரண்டின் கூட்டுத்தொகை.

5. கரு நேர், எலக்ட்ரான் எதிர். இழுத்துக்கிட்டு உள்ள போய் விழ வேண்டியதுதானே?

பழைய இயற்பியலின்படி விழத்தான் வேண்டும். வளைந்து ஓடும் எலக்ட்ரான் ஆற்றலை ஒளியாக இழந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரம் ஆவதற்குள்ளேயே கருவில் போய் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை என்பதால்தான் 1913இல் நீல்ஸ் போர் புதிய விதி வகுத்தார், 1920களில் குவாண்டம் இயக்கவியல் பிறந்தது.

எலக்ட்ரான் ஒரு குட்டிக் கோளம் இல்லை. அதற்கு அலைத்தன்மை உண்டு. அதைச் சின்ன இடத்துக்குள் அடைக்க அடைக்க அதன் இயக்க ஆற்றல் கூடிக்கொண்டே போகும். கருவை நெருங்கும்போது ஈர்ப்பால் கிடைக்கும் ஆற்றலைவிட, அடைபடுவதற்குக் கொடுக்க வேண்டிய ஆற்றல் வேகமாக உயர்கிறது. இரண்டும் ஈடாகும் இடத்தில் நின்றுவிடுகிறது. ஹைட்ரஜனில் அந்தத் தூரம் 0.053 நானோமீட்டர். அணுவுக்கு ஒரு பருமன் இருப்பதே இதனால்தான்.

கோள்கள் சூரியனைச் சுற்றுவது போன்ற படத்தைப் பாடத்தில் வரைகிறோம். எலக்ட்ரான்களை எண்ணுவதற்கு அந்தப் படம் போதும், ஆனால் அப்படி வட்டப்பாதை எதுவும் கிடையாது. எலக்ட்ரான் எங்கே காணக் கிடைக்கும் என்பதற்கான வாய்ப்புதான் கருவைச் சுற்றிப் பரவியிருக்கிறது. அந்தப் பரவல் கருவையும் தொட்டுத்தான் இருக்கும், அதனால் சில கருக்கள் ஒரு எலக்ட்ரானை உள்ளே விழுங்குவதும் உண்டு. கடைசிக் கேள்வியில் அப்படி ஒன்று வருகிறது.

6. அணு முழுக்க காலி இடம்னா, நான் ஏன் சுவத்துக்குள்ள புகுந்து போக முடியல?

எவ்வளவு காலி என்று முதலில் பார்த்துவிடலாம். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலை பக்கத்தில் ஒரு புளியங்கொட்டையை வையுங்கள், ஒரு சென்டிமீட்டர் அளவு. அதுதான் ஹைட்ரஜனின் கரு என்றால், அணுவின் குறுக்களவு சுமார் 600 மீட்டர் வரும், அந்தச் சாலையின் நீளத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அணுவின் நிறையில் 99.9 சதவீதத்துக்கு மேல் அந்தக் கொட்டையில்தான் இருக்கிறது.

ஆனால் மீதி இடம் சும்மா கிடக்கவில்லை. மேலே சொன்னபடி எலக்ட்ரானின் பரவல் அங்கே முழுக்க இருக்கிறது. ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்பது 1925இல் வொல்ஃப்காங் பாலி கண்ட விதி. உங்கள் கையின் அணுக்களும் சுவரின் அணுக்களும் ஒன்றுக்குள் ஒன்று புகவேண்டுமானால் எலக்ட்ரான்கள் அதிக ஆற்றல் உள்ள நிலைகளுக்குப் போயாக வேண்டும். அதற்கு வேண்டிய ஆற்றல் உங்கள் தள்ளலில் இல்லை. மின்சுமைகளின் தள்ளலும் சேர்ந்துகொள்கிறது. சுவர் கெட்டியாக இருப்பது இதனால்தான்.

7. யாருமே கண்ணால பார்க்கலையே, எப்படி நம்புறது?

பார்க்கவில்லைதான். அவை செய்த வேலையைப் பார்த்தார்கள். 1897இல் ஜே. ஜே. தாம்சன் காற்றைப் பெரும்பகுதி உறிஞ்சி எடுத்த குழாய்க்குள் ஓடிய கதிர்களை மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் வளைத்து, மின்சுமைக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தை அளந்தார். குழாயில் மிஞ்சியிருந்தது எந்த வாயுவானாலும், எந்த உலோகத்தில் தகடு செய்தாலும் அதே விகிதம் வந்தது. அப்படியென்றால் எல்லாப் பொருளுக்குள்ளும் ஒரே துகள் இருக்கிறது. அதுதான் எலக்ட்ரான்.

1909இல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் வழிகாட்டலில் கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய தங்கத் தகட்டின் மேல் ஆல்ஃபா துகள்களை (வேகமாக ஓடும் ஹீலியம் கருக்களை) ஏவினார்கள். பெரும்பாலானவை நேராகப் போய்விட்டன, பல ஆயிரத்தில் ஒன்று மட்டும் திரும்பி வந்தது. அந்த ஒன்றை ‘ஏதோ பிழை’ என்று விட்டிருந்தால் கரு தெரியவே வந்திருக்காது. நிறையும் நேர்மின்சுமையும் மிகச் சிறிய இடத்தில் குவிந்திருந்தால் மட்டுமே அப்படித் திரும்ப முடியும் என்று 1911இல் ரூதர்ஃபோர்டு கணக்கோடு காட்டினார். 1932இல் ஜேம்ஸ் சாட்விக், மின்புலமும் காந்தப்புலமும் வளைக்காத ஒரு கதிர் மெழுகிலிருந்து புரோட்டான்களை உதைத்து வெளியேற்றுவதை அளந்தார். உதைக்க வேண்டுமானால் நிறை வேண்டும், வளையாமல் இருக்க மின்சுமை இல்லாதிருக்க வேண்டும். நியூட்ரான் கிடைத்தது.

இன்னும் ஒன்று. சில்வர் பீச்சில் உள்ளங்கையை மேலே பார்த்து விரித்து நில்லுங்கள். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதிப் பிறக்கும் மியூவான் என்ற துகள், ஏறக்குறைய நொடிக்கு ஒன்று, அந்தக் கை வழியாகப் போய்க்கொண்டிருக்கும். சரியான கருவி இருந்தால் அந்தத் தடத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

8. புரோட்டானுக்குள்ளயும் ஏதாவது இருக்கா? எலக்ட்ரானுக்குள்ள?

புரோட்டானுக்குள் குவார்க்குகள். 1964இல் முர்ரே கெல்மானும் ஜார்ஜ் ஸ்வைகும் தனித்தனியாக இந்தக் கருத்தைச் சொன்னார்கள். ‘அப்’ குவார்க்குக்கு +2/3 மின்சுமை, ‘டவுன்’ குவார்க்குக்கு -1/3. இரண்டு அப், ஒரு டவுன் சேர்ந்தால் +1, புரோட்டான். ஒரு அப், இரண்டு டவுன் சேர்ந்தால் 0, நியூட்ரான். 1968இல் ஸ்டான்ஃபோர்டில் வேகமான எலக்ட்ரான்களைப் புரோட்டான் மேல் ஏவிப் பார்த்தபோது, உள்ளே புள்ளி போன்ற எதிலோ மோதித் திரும்பின. மேலே சொன்ன தங்கத் தகட்டுச் சோதனையின் அதே உத்தி.

குவார்க்குகளைக் கட்டிவைப்பவை குளுவான்கள். 3ஆம் கேள்வியில் வந்த வலிமையான விசையின் மூலமும் இதுதான். ஒரு குவார்க்கைத் தனியாகப் பிய்த்தெடுக்க முடியாது. இழுக்க இழுக்க நீங்கள் கொடுக்கும் ஆற்றலிலிருந்தே புது குவார்க் இணை பிறந்து ஒட்டிக்கொள்ளும். எலக்ட்ரானுக்குள் இதுவரை எதுவும் தென்படவில்லை.

9. சார், குவார்க்கோட நிறையைக் கூட்டிப் பார்த்தேன். புரோட்டான் நிறை வரவே இல்லை.

பிளஸ் டூ பையன் ஒருவன் நோட்டோடு வந்து நின்றான். அவன் கணக்கு சரி. அப் குவார்க் சுமார் 2.2 மெகா எலக்ட்ரான்வோல்ட் (துகள்களின் ஆற்றலையும் நிறையையும் சொல்லும் அலகு எலக்ட்ரான்வோல்ட், மெகா என்றால் பத்து லட்சம்), டவுன் சுமார் 4.7. மூன்றும் சேர்ந்து 9 சொச்சம். புரோட்டானின் நிறையோ 938. நூற்றில் ஒரு பங்குதான் தேறுகிறது.

மீதி 99 பங்கும் குவார்க்குகளின் இயக்கத்திலும் குளுவான் புலத்திலும் கட்டுண்டிருக்கும் ஆற்றல். ஆற்றலும் நிறையும் ஒன்றே என்று ஐன்ஸ்டைன் சொன்னது இங்கே தினசரி உண்மை. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் குவார்க்குகளின் சொந்த நிறை முக்கால் கிலோகூட வராது. எலக்ட்ரான்கள் எல்லாம் சேர்ந்து 20 கிராமுக்கும் குறைவு. மற்றதெல்லாம் பிணைப்பு. இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த உண்மை இது, மதிப்பெண் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லிவிடுவேன்.

அதனால், 2012இல் செர்ன் ஆய்வகத்தில் ஹிக்ஸ் துகள் கண்டறியப்பட்டபோது ‘எல்லா நிறைக்கும் காரணம் இதுதான்’ என்று வந்த செய்திகள் முழுச்சரி இல்லை. குவார்க், எலக்ட்ரான் ஆகியவற்றின் சொந்த நிறைக்குத்தான் ஹிக்ஸ் புலம் காரணம். அந்தச் சின்னப் பங்கும் அவசியம்தான். எலக்ட்ரானுக்கு நிறையே இல்லாவிட்டால் 5ஆம் பதிலில் சொன்ன ஈடு ஏற்படாது, அணுவே உருவாகாது.

10. நியூட்ரான் உடைஞ்சா புரோட்டானும் எலக்ட்ரானும் வருதாம். அப்போ அது ரெண்டும் சேர்ந்ததுதானே நியூட்ரான்?

இல்லை. கருவுக்கு வெளியே தனித்து விடப்பட்ட நியூட்ரான் சராசரியாக 15 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் தாங்கும். அப்போது உள்ளே ஒரு டவுன் குவார்க் அப் குவார்க்காக மாறுகிறது, நியூட்ரான் புரோட்டானாகிறது. எலக்ட்ரானும், நியூட்ரினோ என்ற மின்சுமை இல்லாத, மிகமிக லேசான துகளின் எதிர்த்துகள் ஒன்றும் அந்த நொடியில் புதிதாகப் பிறக்கின்றன. முன்பே உள்ளே ஒளிந்திருந்தவை அல்ல. எலக்ட்ரானை அவ்வளவு சின்ன இடத்தில் அடைக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று 5ஆம் பதிலை வைத்து யோசித்தாலே இது விளங்கும். இதுதான் பீட்டா சிதைவு.

நியூட்ரான் அந்த 0.14 சதவீதம் கனமாக இருப்பதால்தான் இந்தத் திசையில் மாற்றம் நடக்கிறது. தனிப் புரோட்டான் தானாக நியூட்ரானாக முடியாது. கணக்கு மறுபக்கம் சாய்ந்திருந்தால் ஹைட்ரஜன் நிலைத்திருக்காது, தண்ணீரும் இருந்திருக்காது. நிலையான கருவுக்குள் இருக்கும் நியூட்ரான் சிதைவதில்லை, ஏனென்றால் மாறினால் பிணைப்பாற்றலில் நட்டம்.

11. தேனி நியூட்ரினோ திட்டத்தால கதிர்வீச்சு வரும்னாங்களே?

நியூட்ரினோவால் வராது. திட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் உடம்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நொடிக்குச் சுமார் 6,500 கோடி வீதம் போய்க்கொண்டே இருக்கின்றன. எதையும் தொடாமல் பூமியைத் துளைத்து மறுபக்கம் போய்விடும். தேனி மாவட்டத்துப் பொட்டிபுரம் மலைக்குள் வைக்கத் திட்டமிட்டது நியூட்ரினோக்களைக் கவனிக்கும் கருவியை. மலைக்கு அடியில் எதற்கு என்றால், 7ஆம் பதிலில் சொன்ன மியூவான்களைப் பாறை தடுத்துவிடும். கோலார் தங்கச் சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் வைத்த கருவியில்தான் 1965இல் காற்றுமண்டல நியூட்ரினோ பிடிபட்டது. சுரங்கம் தோண்டுவதால் காட்டுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி, அதைக் கேட்க அந்த ஊர் மக்களுக்கு முழு உரிமை உண்டு. அதை இதோடு குழப்பக் கூடாது.

12. திருவக்கரை கல்மரத்தோட வயசை கார்பன் வச்சுத்தானே கண்டுபிடிச்சாங்க?

சுற்றுலா போய்வந்த பிள்ளைகள் எல்லோரும் கேட்பது. கார்பனை வைத்து அது முடியாது. விண்வெளிக் கதிர்களால் உதிரும் நியூட்ரான், காற்றில் உள்ள நைட்ரஜன் கருவில் மோதி ஒரு புரோட்டானை வெளியே தள்ளி அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. 7 புரோட்டான், 7 நியூட்ரான் இருந்தது 6, 8 ஆகிறது. அதுதான் கார்பன்-14. மரம் உயிரோடு இருக்கும்வரை அதை உள்வாங்கும், செத்தபின் வாங்காது. இருப்பது 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். 50,000 ஆண்டு தாண்டினால் அளக்க எதுவும் மிஞ்சாது. கல்மரங்களின் வயது சுமார் 2 கோடி ஆண்டு. மரத்தின் இடத்தில் சிலிக்கா புகுந்து கல்லானவை. அவை கிடக்கும் பாறை அடுக்கை வைத்துத்தான் வயது சொல்கிறார்கள். நெய்வேலி பழுப்பு நிலக்கரியில் கார்பன் நிறைய இருந்தாலும் அதற்கும் இதே கதை.

புதுச்சேரி பக்கத்துப் பழைய துறைமுகமான அரிக்கமேடு என்றால் இந்த முறை பொருந்தும். 2,000 ஆண்டுக்கு முந்தைய மரத்துண்டில் கார்பன்-14 இன்னும் 78 சதவீதம் இருக்கும். ஆனால் தொல்லியல் அறிஞர் வீலர் அங்கே தோண்டிய 1945இல் இந்த முறையே பிறக்கவில்லை. ரோமானியப் பானைகளை வைத்துத்தான் அவர் காலம் கணித்தார்.

13. எங்க அம்மாவுக்கு பெட் ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்காங்க. அதுல எதிர்ப்பொருள் போடுவாங்களாமே, ஆபத்தில்லையா?

புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகும் குடும்பத்தினர் கேட்பது. ஊசியில் போடுவது எதிர்ப்பொருள் அல்ல, ஃபுளோரின்-18 சேர்த்த சர்க்கரை போன்ற மருந்து. அந்தக் கருவில் 9 புரோட்டான், 9 நியூட்ரான். புரோட்டான் ஒன்று நியூட்ரானாக மாறி ஒரு பாசிட்ரானை, அதாவது எலக்ட்ரானின் எதிர்த்துகளை (அதே நிறை, ஆனால் நேர்மின்சுமை), வெளியிடுகிறது. தனிப் புரோட்டானால் இது முடியாது என்று 10ஆம் பதிலில் சொன்னேன். கருவுக்குள் பிணைப்பாற்றல் கைகொடுப்பதால் முடிகிறது.

பாசிட்ரான் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் ஒரு எலக்ட்ரானைச் சந்திக்கும், இரண்டும் மறைந்து எதிரெதிர்த் திசையில் இரண்டு காமாக் கதிர்கள் கிளம்பும். அவற்றை வைத்து மருந்து எங்கே சேர்ந்தது என்று கருவி கணிக்கிறது. சர்க்கரையை அதிகமாக இழுக்கும் கட்டி பளிச்சென்று தெரியும். அளவு மிகமிகக் குறைவு, அதனால் வெடிப்பு என்ற பேச்சே இல்லை. 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். அன்றைக்குக் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அம்மாவை ஒட்டி உட்கார வேண்டாம். மற்றதை மருத்துவர் சொல்வார், அதன்படி செய்யுங்கள். பயந்து ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம்.

14. எங்க தாத்தா ரசவாதம்னு சொல்வாரு. பாதரசத்துல ஒரு புரோட்டானை எடுத்துட்டா தங்கம்தானே சார்?

கணக்கு சரிதான், 80இலிருந்து 79. ஆனால் அடுப்பிலும் புடத்திலும் நடக்காது. தீயும் மூலிகையும் தொடுவது எலக்ட்ரான்களை மட்டும் என்று 2ஆம் பதிலில் பார்த்தோம். அங்கே ஓர் அணுவுக்குச் சில எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் புழங்குகிறது. கருவை மாற்ற அதைப்போலப் பத்து லட்சம் மடங்கு வேண்டும்.

ஆய்வகத்தில் நடந்திருக்கிறது. செர்னில் காரீயக் கருக்களை ஒன்றையொன்று உரசிப்போகும்படி விட்டபோது சில கருக்கள் மூன்று புரோட்டான்களை இழந்து தங்கமாயின. 2015 முதல் 2018 வரை 8,600 கோடி தங்கக் கருக்கள் உண்டாயின என்று அங்குள்ள ஆலிஸ் குழு 2025இல் அறிவித்தது. எல்லாம் சேர்த்து ஒரு கிராமில் லட்சம் கோடியில் 29 பங்கு. அவையும் உடனே, கருக்கள் ஓடும் குழாயின் சுவரில் மோதி உடைந்தன.

தாத்தா சொன்ன பாதரச வழியும் உண்டு, புரோட்டானைப் பிடுங்காமலே. பாதரசம்-196 ஒரு நியூட்ரானை வாங்கி 197 ஆகிறது. அது தன் எலக்ட்ரான் ஒன்றை விழுங்க, புரோட்டான் ஒன்று நியூட்ரானாக மாறுகிறது. மிஞ்சுவது 79 புரோட்டான், 118 நியூட்ரான், நகைக்கடையில் விற்கும் அதே தங்கம். ஆனால் இயற்கைப் பாதரசத்தில் இந்த ஐசோடோப்பு 0.15 சதவீதம்தான், நியூட்ரானுக்கு அணு உலை வேண்டும். கிடைக்கும் தங்கத்தின் விலையைவிடச் செலவு பல மடங்கு ஆகும்.